சுண்ணாம்பு படிந்த புல்வெளி மண்ணை எந்த முறையில் வகைப்படுத்துவது?

வறண்ட புல்வெளி ஒன்றில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, அதன் ஒரு பக்கத்தைக் கத்தியால் சீவிப் பார்த்தால், மேலே ஒரு சாண் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலான தடிப்பில், புல்வேர்கள் பின்னிப் படர்ந்த, அடர்பழுப்பு நிறமான, பொலபொலப்பான மண் இருக்கும். கீழே இறங்க இறங்க நிறம் வெளிறி, மண் கட்டிகள் நெடுக்காகப் பிளந்து, பின்னர் வெள்ளை இழைகளும் மாவு போன்ற திட்டுகளும் சுக்கான் கற்களும் தென்படத் தொடங்கும். சில இடங்களில் அந்தச் சுக்கான் ஒன்றோடொன்று இறுகி, கடப்பாரைக்கும் மசியாத பாளமாகவே மாறியிருக்கும். வட அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் மேற்குப் பகுதி, கருங்கடலுக்கு வடக்கிலிருந்து கஸக்ஸ்தான் வழியாக மங்கோலியா வரை நீளும் ஸ்டெப்பி, அர்ஜென்டினாவின் வறண்ட பாம்பாஸ் என்று உலகின் பெரும் மேய்ச்சல் நிலங்கள் பலவற்றுக்கு அடித்தளம் இந்த மண்தான். இதன் மையப் பிரிவான கஸ்டனோசெம் மண் மட்டுமே சுமார் 46.5 கோடி ஹெக்டேர் பரப்பில் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது.

இந்த மண்ணுக்குப் பெயர் வைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரே குழியை அமெரிக்க முறை ஒரு பெயரால் அழைக்கும். உலக மேற்கோள் முறை மற்றொரு பெயரால் அழைக்கும். மேய்ச்சல் நில மேலாளர்கள் பயன்படுத்தும் சூழலியல் களம் என்ற பகுப்பு, மண்ணின் பெயரையே பின்னுக்குத் தள்ளிவிட்டு, அங்கே என்ன புல் விளையக்கூடும் என்பதை முன்னால் வைக்கும். ஒரு மேய்ச்சல் நிலத்தை வரைபடமாக்கி, எந்தப் பகுதியில் எத்தனை கால்நடைகளை விடலாம், எதற்கு ஓய்வு தரவேண்டும், எங்கே மறுவிதைப்பு பலன் தரும் என்று முடிவெடுக்க வேண்டியவர் இந்த மூன்றில் எதைக் கைக்கொள்வது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மேய்ச்சல் முடிவுகளுக்குச் சூழலியல் களமே முதன்மையாக இருக்கவேண்டும், ஆனால் குழி வெட்டி அளந்த மண் விவரங்களின் மேல் கட்டப்படாத சூழலியல் களத்தை நம்புவதைவிட, அதை வரையாமலே இருந்துவிடலாம்.

பெயருக்கு முன்னால் மண்

எந்த முறையை எடைபோடுவதற்கும் இந்த மண் எவ்வாறு உருவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். காட்டில் இலைச்சருகு நிலத்தின் மேல் விழுந்து மட்குகிறது. புல்வெளியிலோ மட்கில் பெரும்பகுதி நிலத்துக்குள்ளேயே மடியும் வேர்களிலிருந்து வருகிறது. எனவே கருமை மேற்பரப்போடு நின்றுவிடாமல் வேர் போகும் ஆழத்துக்குப் பரவுகிறது. மண்ணில் நிறைந்திருக்கும் கால்சியம் அந்த மட்கைக் களித்துகள்களோடு பிணைத்து, மண்ணைச் சிறு மணிகளாகத் திரட்டுகிறது. மழை குறையக் குறையப் புல் குறையும், மட்கும் குறையும். ஆகவே ஈரம் மிகுந்த ஸ்டெப்பியில் கருமையாக இருக்கும் மேல்மண், வறண்ட பக்கம் நகரும்போது செஸ்நட் கொட்டையின் பழுப்புக்கும், அதற்கும் அப்பால் வெளிறிய பழுப்புக்கும் மாறுகிறது. கஸ்டனோசெம் என்ற பெயரின் முற்பாதி அந்தக் கொட்டையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தும், பிற்பாதி மண்ணைக் குறிக்கும் ருஷ்யச் சொல்லிலிருந்தும் வந்தவை.

சுண்ணாம்பின் கதை நீரின் கதை. வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிடும் கரியமில வாயு கலந்த மழைநீர், மேல்மண்ணிலுள்ள கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. பாதி வழியிலேயே புல்வேர்கள் அந்த நீரை உறிஞ்சிவிடுவதால், கரைந்த சுண்ணாம்பு அங்கேயே படிந்துவிடுகிறது. ஆகவே சுண்ணாம்பு எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்பது, வழக்கமான ஆண்டில் நீர் எந்த ஆழம்வரை இறங்குகிறது என்பதற்கான எழுதப்படாத பதிவேடு. அமெரிக்கப் பெருஞ்சமவெளியின் காற்றடி வண்டல் மண்களை ஆராய்ந்த ஹான்ஸ் ஜென்னி, ஆண்டு மழை 12 அங்குலத்தைத் தாண்டிய பிறகு ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுண்ணாம்புப் படிவு ஏறத்தாழ இரண்டரை அங்குலம் கீழே இறங்குவதாக ஒரு சமன்பாடு தந்தார். ஒரே வகைத் தாய்ப்பொருளுக்கு, அதாவது மண் உருவான மூலப் படிவுக்குப் பொருந்திய அந்த உறவு, பலவகை மண்களை ஒன்றுசேர்த்துப் பார்த்த பிற்கால ஆய்வில் மிகவும் நலிந்துபோனது. மணலில் நீர் ஆழமாகப் போகும், களியில் மேலேயே நின்றுவிடும், சரிவில் வழிந்தோடிவிடும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

ஆழத்தைப் போலவே இறுக்கமும் முக்கியம். நியூ மெக்சிகோவின் லாஸ் குரூசஸ் சுற்றுவட்டாரத்துப் பாலை மண்களை ஆராய்ந்த கைல், பீட்டர்சன், கிராஸ்மன் ஆகியோர் 1966 இல் சுண்ணாம்புப் படிவை நான்கு படிநிலைகளாகப் பிரித்தனர். முதல் நிலையில் மெல்லிய இழைகளும் கூழாங்கல் மேல் படிந்த பூச்சும் மட்டுமே இருக்கும். இரண்டாம் நிலையில் சுக்கான் முடிச்சுகள் தோன்றும். மூன்றாம் நிலையில் மண்துளைகள் அடைபட்டு அடுக்கு முழுவதும் வெண்மையாகும். நான்காம் நிலையில் அடைபட்ட அடுக்கின் தலையில் தகடு தகடான கல் மூடி உருவாகும். கூழாங்கல் மிகுந்த மண்ணில் நிரப்பவேண்டிய இடம் குறைவு என்பதால் இந்த நிலைகள் விரைவாக வந்துவிடும். எளிமையான இந்த நான்கு நிலை அளவுகோல், கட்டுரையில் பின்னால் வரும் எந்தப் பெரிய வகைப்பாட்டைவிடவும் குழிக்குள் நிற்பவருக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

அமெரிக்க முறை: துல்லியமும் அதன் விலையும்

அமெரிக்க வேளாண் துறையின் மண் வகைப்பாடு 1975 இல் முழுமையாக வெளிவந்தது. 1999 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. அடையாளம் காண்பதற்கான அதன் வழிகாட்டி பல முறை திருத்தப்பட்டு, 13 ஆம் பதிப்பு 2022 இல் வந்தது. 12 பெரும் பிரிவுகளில் தொடங்கி, ஆறு படிகள் இறங்கி, உள்ளூர்ப் பெயர் தாங்கிய மண் தொடர் வரை செல்லும் முறை இது. நமது மண் பெரும்பாலும் மாலிசால் என்ற பெரும் பிரிவில் விழும். அதற்கு மேல்மண் ஈரநிலையில் போதிய கருமையோடு இருக்கவேண்டும். கரிமக் கார்பன் குறைந்தது 0.6 சதவீதமும், காரச் செறிவு (மண்துகள்கள் பிடித்துவைக்கும் தனிமங்களில் கால்சியம் போன்ற காரத் தனிமங்களின் பங்கு) 50 சதவீதமும் இருக்கவேண்டும். தடிப்பு, மண்ணின் அமைப்பைப் பொறுத்து 18 அல்லது 25 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அடுத்த படியில் ஈரப்பத ஆட்சி பார்க்கப்படுகிறது. மண்ணின் குறிப்பிட்ட ஆழப்பகுதி ஆண்டில் மொத்தம் 90 நாட்களுக்குக் குறையாமல் உலர்ந்திருந்தாலும், பயிர் வளரும் பருவத்தில் ஈரம் கிடைக்குமானால் அது உஸ்டிக். மேலிருந்தே (சுண்ணாம்பு இருப்பதன் அறிகுறியாக) அமிலத்துக்கு நுரைத்து, 15 சென்டிமீட்டருக்குக் குறையாத சுண்ணாம்பு அடுக்கும் கொண்ட மாலிசால், கால்சியுஸ்டால் என்ற பெருங்குழுவுக்கு வந்து சேரும்.

கீழ்ப்படிகளில்தான் இதன் வலிமை தெரிகிறது. குடும்பம் என்ற ஐந்தாம் படியில் மண்ணின் நயம் (மணலும் களியும் கலந்த விகிதம்), கனிமக் கலவை, மண் வெப்பநிலை ஆகியவை பெயரிலேயே எழுதப்படுகின்றன. வேரைத் தடுக்கும் பாளம் 50 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் ஆழமற்றது என்ற சொல்லும் சேர்கிறது. டெக்சஸின் வடமுனையில் பரந்து கிடக்கும் புல்மன் தொடரின் முழுப்பெயரைப் படித்தால், அது நுண்களி நிறைந்தது, வெதுவெதுப்பான வெப்பநிலை கொண்டது, விரிசல் விடும் இயல்புடையது, பழமையான நிலப்பரப்பில் அமைந்தது என்பதெல்லாம் குழியைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும். ஒரே பெயரில் இவ்வளவு விவரத்தை அடைக்கும் வேறு முறை இல்லை.

குறைகள் இரண்டு. முதலாவது, ஈரப்பத ஆட்சியைக் குழியில் பார்க்க முடியாது. அதற்கு நீண்டகால மழை, வெப்பப் பதிவுகளும் கணக்கீடும் வேண்டும். வானிலை நிலையங்கள் அரிதான மேய்ச்சல் நிலப்பரப்பில் உஸ்டிக் எங்கே முடிகிறது, அதைவிட வறண்ட அரிடிக் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோடு, பெரும்பாலும் வரைந்தவரின் ஊகமாகவே இருக்கும். இரண்டாவது குறை மேய்ச்சலுக்கு மிக நெருக்கமானது: பெரும் பிரிவு மேல்மண்ணின் நிறத்திலும் தடிப்பிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. உழவால் பெயர் மாறிவிடாதபடி மேல் 18 சென்டிமீட்டரைக் கலந்து பார்த்து முடிவு செய்யவேண்டும் என்ற விதியை இந்த முறை வைத்திருக்கிறது. ஆனால் அரிப்புக்கு அப்படியொரு காப்பு இல்லை.

உலக மேற்கோள் முறை: ஒரு பொது மொழி

டபிள்யூ.ஆர்.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் உலக மேற்கோள் முறை, உணவு வேளாண்மை நிறுவனமும் யுனெஸ்கோவும் 50 லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் உருவாக்கிய உலக மண் வரைபடத்தின் 1974 ஆம் ஆண்டு விளக்கக் குறிப்பிலிருந்து வளர்ந்தது. 1998 இல் முதல் பதிப்பும், 2022 இல் நான்காம் பதிப்பும் வெளிவந்தன. 32 மேற்கோள் குழுக்களும், அவற்றின் முன்னும் பின்னும் சேர்க்கப்படும் அடைமொழிகளும் இதன் அமைப்பு. ருஷ்ய மண்ணறிஞர் வசிலி தொகுச்சாயேவ் 1883 இல் ருஷ்யக் கருமண் பற்றிய ஆய்வை வெளியிட்டதிலிருந்து தொடரும் செர்னோசெம், கஸ்டனோசெம் என்ற பெயர்களை இது அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறது. மிகக் கருமையான மேல்மண்ணும் கீழே சுண்ணாம்பும் இருந்தால் செர்னோசெம். அவ்வளவு கருமை இல்லாமல் சுண்ணாம்பு இருந்தால் கஸ்டனோசெம். கருமை இருந்தும் சுண்ணாம்பு இல்லாவிட்டால் ஃபேயோசெம். கருமை இல்லாமல் சுண்ணாம்பு மட்டும் இருந்தால் பெரும்பாலும் கால்சிசால்.

இந்த முறை காலநிலையை அளவுகோலாக வைத்துக்கொள்வதில்லை என்பது களப்பணியாளருக்குப் பெரும் விடுதலை. குழியில் கண்டதும் ஆய்வகத்தில் அளந்ததும் போதும். களர் அடுக்கு (சோடியம் மிகுந்து இறுகிய களி அடுக்கு) இருந்தால், கருமையோ சுண்ணாம்போ கேட்கப்படுவதற்கு முன்பே அந்த மண் சோலோனெட்ஸ் குழுவுக்குப் போய்விடும். வறண்ட ஸ்டெப்பியில் கஸ்டனோசெமும் களரும் சில மீட்டர் இடைவெளியில் மாறி மாறி வருவதால் இந்த முன்னுரிமை பொருத்தமானது. களர் மண்ணின் அடியிறுக்கம் புல்லுக்குச் செய்யும் கேடு, மேல்மண்ணின் கருமை செய்யும் நன்மையைவிடப் பெரிது. ஆழத்தையும் அடைமொழிக்குள் கொண்டுவர முடியும்: ஓர் இயல்பு 50 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எபி என்றும், 50 முதல் 100 வரை இருந்தால் எண்டோ என்றும் முன்னொட்டுச் சேர்க்கலாம்.

ஆனால் பெரிய அளவிலான வரைபடங்களுக்காகப் பிறந்த முறை என்பது இதன் நடையில் தெரிகிறது. கஸ்டனோசெம் என்ற ஒரே குழுவுக்குள், ஆண்டுதோறும் நிறையப் புல் தரும் நிலமும், மழை பொய்த்தால் வெறும் தரையாகும் நிலமும் அடங்கிவிடும். ஆய்வு முடிவுகளை வேறு நாட்டவரோடு ஒப்பிட இது இன்றியமையாதது. ஒரு மேய்ச்சல் பண்ணைக்குள் இரண்டு பட்டிகளை வேறுபடுத்த இது போதாது.

ருஷ்ய மரபு கஸ்டனோசெமையே கருஞ்செஸ்நட், செஸ்நட், வெளிர்செஸ்நட் என்று மூன்றாகப் பிரித்து மழைச்சரிவோடு இணைத்துப் பார்ப்பதையும், 1996 இல் ஐஸ்பெல் வெளியிட்ட ஆஸ்திரேலிய முறை சுண்ணாம்பு மண்களுக்குக் கால்கரோசால் என்ற தனிப் பிரிவையே வைத்திருப்பதையும் இங்கே குறிப்பிட்டு நகரலாம். அந்தந்த நிலப்பரப்புக்குள் பணிபுரிபவருக்கு அவையே முதல் தேர்வு. வெளியிலிருப்பவர் அவற்றை இரவல் வாங்குவதில் பயன் குறைவு.

சூழலியல் களம்: புல்லிலிருந்து மண்ணுக்கு

மூன்றாவது வழி மண்ணறிவியலில் பிறந்ததன்று, மேய்ச்சல் நில அறிவியலில் பிறந்தது. 1949 இல் மேய்ச்சல் நில அறிஞர் டிக்ஸ்டர்ஹைஸ், ஒரு களத்தின் உச்சநிலைத் தாவரக் கூட்டத்தோடு (இடையூறு இல்லாவிட்டால் அங்கே இறுதியில் நிலைக்கும் தாவரங்களோடு) இப்போதைய தாவரங்களை ஒப்பிட்டு நிலத்தின் நிலைமையை அளவிடும் முறையை முன்வைத்தார். நிலம் கெட்டால் ஒரே ஏணியில் இறங்கும், மேய்ச்சலை நிறுத்தினால் அதே ஏணியில் ஏறிவிடும் என்பது அதன் உட்கிடை. வறண்ட நிலங்களில் அப்படி நடக்கவில்லை. 1989 இல் வெஸ்ட்பி, வாக்கர், நோய்-மெயர் ஆகிய மூவரும் நிலை–மாற்ற மாதிரியை முன்வைத்தனர்: நிலம் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தாண்டிவிட்டால், மாடுகளை வெளியேற்றுவதால் மட்டும் அது திரும்பி வராது. இன்று அமெரிக்காவில் எழுதப்படும் சூழலியல் கள விளக்கங்கள் இந்த மாதிரியை மையமாகக் கொண்டவை. ஒரே வகை மண், ஒரே வகை நிலவடிவம், ஒரே வகைக் காலநிலை ஆகியவற்றால் குறிப்பிட்ட வகையும் அளவுமான தாவரங்களைத் தரக்கூடிய, மேலாண்மைக்கு ஒரே விதமாக மறுவினை காட்டும் நிலமே ஒரு களம்.

இது எவ்வளவு கூர்மையாக வேலை செய்யும் என்பதற்கு நியூ மெக்சிகோவில் 1912 இல் நிறுவப்பட்ட ஹோர்னாடா ஆய்வுநிலம் நல்ல சான்று. அங்கே 1858 இல் நடந்த நில அளவைக் குறிப்புகளோடு 1960களின் நிலையை ஒப்பிட்டபோது, கருங்கிராமா புல்வெளிகள் பரந்த அளவில் மெஸ்கீட் போன்ற புதர்க்காடுகளாக மாறியிருந்தது தெரியவந்தது. ஆனால் அந்த மாற்றம் எங்கும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. தளர்ந்த மணல் ஆழமாகக் கிடந்த இடங்களில் புல் போனதும் காற்று மண்ணை வாரி, மெஸ்கீட்டைச் சுற்றி மேடுகளாகக் குவித்தது. ஆழம் குறைந்த சுண்ணாம்புப் பாளத்தின் மேலிருந்த மணலின் கதை வேறு. இறுகிய பாளம் வேருக்கும் நீருக்கும் சுவர் என்றே நீண்டகாலம் கருதப்பட்டது. அது மழைநீரைக் கணிசமாக உறிஞ்சிவைத்துப் பின்னர் செடிக்குத் தரக்கூடியது என்று ஹோர்னாடா ஆய்வுகள் காட்டின. இரண்டு வகைப்பாட்டு நூல்களும் குறையாகப் பதிவு செய்யும் ஓர் அடுக்கு, வறட்சியில் புல்லுக்குத் துணையாகவும் இருக்கக்கூடும் என்பதைச் சூழலியல் களம் போன்ற பகுப்பு மட்டுமே தனக்குள் ஏற்றுக்கொள்ள முடியும்.

இதன் பலவீனமும் இதே இடத்தில்தான் இருக்கிறது. மேற்கோள் தாவரக் கூட்டம், அதாவது ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும் கெடாத நிலைத் தாவரங்கள் எது என்பதை அறிய, கெடாமல் எஞ்சிய நிலமோ பழைய பதிவோ தேவை. அவை இல்லாத இடத்தில், இன்று நிற்கும் செடியைப் பார்த்துக் களத்தின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரை வைத்து அங்கே நிற்கவேண்டிய செடியைச் சொல்லும் வட்டப் பேச்சு எளிதில் நுழைந்துவிடும். ஒரு வட்டாரத்துக்கு எழுதப்பட்ட களம் அடுத்த வட்டாரத்துக்குப் பொருந்தாது என்பதையும் மறக்கக்கூடாது.

ஒரே குழி, மூன்று நிலைகள்

ஒப்பீட்டை உறுதியாக்க ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். மேலே 26 சென்டிமீட்டர் கருமையான வண்டல் கலந்த மண், மேலிருந்தே அமிலத்துக்கு நுரைக்கிறது, 45 சென்டிமீட்டரில் மென்மையான சுண்ணாம்பு அடுக்கு தொடங்குகிறது, காலநிலை உஸ்டிக். அமெரிக்க முறையில் இது கால்சியுஸ்டால், உலக முறையில் கால்சிக் கஸ்டனோசெம், மேய்ச்சல் மொழியில் ஆழமான வண்டல் களம். மூன்று பெயர்களும் ஒன்றையொன்று ஆமோதிக்கின்றன.

இனி, மிதமிஞ்சிய மேய்ச்சலுக்குப் பிறகு 18 சென்டிமீட்டர் அரித்துப் போய்விட்டதாகக் கொள்வோம். எஞ்சிய கருமண் 8 சென்டிமீட்டர். சுண்ணாம்பு 27 இல் தொடங்குகிறது. மேல் 18 சென்டிமீட்டரைக் கலந்து பார்த்தால், கீழ்மண்ணின் வெளிறிய நிறம் மேலோங்கி, மாலிசாலுக்கான நிபந்தனை தவறிவிட வாய்ப்பு மிகுதி. அப்போது இது இன்செப்டிசால் என்ற, அடுக்குகள் அதிகம் முதிராத மண்களின் பெரும் பிரிவைச் சேர்ந்த கால்சியுஸ்டெப்ட். உலக முறையில் 20 சென்டிமீட்டர் தடிப்பு இல்லாததால் கால்சிசால். அதாவது மண் மீண்டும் மீட்கப்பட வேண்டிய இழப்பை, இரண்டு முறைகளும் பிறவியிலேயே வேறான மண் என்று எழுதிவிடுகின்றன. வரைபடத்தைப் பிற்காலத்தில் பார்ப்பவர், இது எப்போதும் வெளிறிய மண்ணாகவே இருந்தது என்று எண்ணி, குறைந்த விளைச்சலை இயல்பு என்று ஏற்றுக்கொள்வார். சூழலியல் களம் மட்டுமே, களம் அதேதான், நிலை மாறிவிட்டது என்று சொல்லும். சொல்லவேண்டிய இடத்தில், எல்லை தாண்டிவிட்டது என்றும் சொல்லும். அரிக்கப்பட்ட மாலிசால்களின் பெயர் குறித்து மண் ஆய்வாளர்களிடையே நீண்டகால விவாதம் இருப்பது இதனால்தான்.

மூன்றாவதாக, கருமண் முழுமையாக இருக்கிறது, மென்மையான சுண்ணாம்பும் இருக்கிறது, ஆனால் 40 சென்டிமீட்டரில் பாளம் குறுக்கிடுகிறது. இங்கே அமெரிக்க முறை முந்துகிறது: சுண்ணாம்புப் பாளத்தைக் குறிக்கும் பெட்ரோகால்சிக் என்ற துணைக்குழுச் சொல்லும் ஆழமற்றது என்ற குடும்பச் சொல்லும் சேர்ந்து எச்சரிக்கையைத் தெளிவாகத் தருகின்றன. உலக முறை பெட்ரோகால்சிக் என்ற அடைமொழியோடு நின்றாலும், எபி என்ற முன்னொட்டைச் சேர்த்தால் ஏறத்தாழ அதே செய்தியைத் தரும். மண்ணாய்வு செய்யாமல் வரைந்த சூழலியல் களமோ, மழை நன்றாகப் பெய்த ஆண்டில் நின்ற செழிப்பான புல்லைப் பார்த்து, இதையும் ஆழமான வண்டல் களம் என்றே எழுதிவிடும். அதை நம்பி மாடுகளின் எண்ணிக்கையை நிர்ணயித்தவர் அடுத்த வறட்சியில்தான் பிழையை அறிவார்.

எதை எதற்கு எடுப்பது

ஆய்வு முடிவுகளை வெளியிடுவதும் பிற நாட்டுத் தரவுகளோடு ஒப்பிடுவதும் நோக்கமானால் உலக மேற்கோள் முறை போதும். காலநிலைப் பதிவும் ஆய்வக வசதியும் உள்ள, மண் தொடர்கள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்ட நாட்டில் அமெரிக்க முறையைக் குடும்பப் படிவரை எழுதுவது பொருத்தம். பெரும் பிரிவோடு நிறுத்திக்கொள்வதானால் அந்த உழைப்பு வீண். மேய்ச்சல் அளவையும் மறுசீரமைப்பையும் முடிவு செய்வதற்குச் சூழலியல் களம் வேண்டும்.

நடைமுறையில் இவற்றை வரிசைப்படுத்துவதே அறிவுடைமை. முதலில் பெயரே இல்லாமல், ஒவ்வொரு குழியிலும் ஐந்து விவரங்களை அளந்து எழுதவேண்டும்: கருமண்ணின் தடிப்பு, மேல்மண்ணின் நயம், அமிலத்துக்கு நுரைக்கத் தொடங்கும் ஆழம், சுண்ணாம்பின் படிநிலை, வேர் நின்றுபோகும் ஆழம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலப் புட்டி, மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் மன்செல் வண்ண அட்டை, அளவு நாடா ஆகியவற்றைத் தவிர இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. அந்த அளவுகளைக் கொண்டு களங்களின் எல்லையை வரையலாம். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு மாதிரிக் குழியை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்பி, இரண்டு முறைகளிலும் பெயரிட்டு இணைத்துக்கொள்ளலாம். மேல்மண் அரித்துப் போயிருக்கும் இடங்களில், இன்றைய பெயரோடு, அருகிலுள்ள வேலியோரத்திலோ பழைய இடுகாட்டிலோ மேயாமல் எஞ்சிய நிலத்தின் குழி தரும் பெயரையும் சேர்த்து எழுதுவது நல்லது. அந்த இரண்டு பெயர்களுக்கும் இடையிலுள்ள சென்டிமீட்டர்களே நிலம் இழந்தது எவ்வளவு என்பதற்கான கணக்கு.